அறிவிப்பு வாசித்தவரின் மகள்

சபையில் அவளைக் 'கண்ணாடிக்கடை' என்றுதான் சொல்வார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் கடை. கணவர் லென்ஸ் அறுப்பார். அவள் ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள், காதுக்கும் மூக்குக்கும் தக்கபடி வளைத்துக் கொடுப்பாள். "இது வேணாம் சார், ஏற்கெனவே கோபக்காரர் மாதிரிதான் இருக்கீங்க" என்று சொல்லியும் வியாபாரம் நடந்தது.

அவள் போகும் பிரஸ்பிட்டேரியன் சபை சின்னது. விசேஷமான ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பின்வரிசை காலியாகக் கிடக்கும். மூன்றாம் வரிசையில் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பதி அது எதற்கு என்று கேட்டார்கள். காற்றோட்டத்துக்கு என்றார் பொருளாளர். பரிசுத்த ஆவியானவருக்கு என்றார் பாடகர் குழு அம்மா. கண்ணாடிக்கடை சிரித்துவிட்டாள்.

"பழைய கோயில்ல அந்த இடத்துல தூண் இருந்துச்சு. பெஞ்சைக் கொண்டாந்து இருந்த மாதிரியே போட்டாங்க. தூணை மட்டும் மறந்துட்டு வந்துட்டாங்க."

போதகர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "அக்கா, நாம இங்க வந்த கதையை நீங்களே எழுதிடுங்க. சின்னப் புத்தகமாப் போட்டுடலாம்."

யோசிக்காமல் சரி என்றாள். அவளுக்கு அதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது.

பழைய கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆலையை ஒட்டி. ஆலை மூடியபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்துவிட்டன. கூரையும் ஒழுகியது. மூப்பர்கள் கூடி முடிவெடுக்கும் அவைக்கு அவர்கள் வழக்கில் செஷன் என்று பெயர். கட்டடத்தை விற்றுவிட்டு இடம் மாறுவது என்று அந்தச் செஷன் தீர்மானித்தது. ஆராதனை முடிவில் எழுந்து அதை வாசித்தவர் அவளுடைய அப்பா. அவர்தான் செஷன் செயலாளர். வாசித்தவரே முடிவெடுத்தவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் அக்கா, அவளுக்கு அத்தை, பழைய கோயிலுக்குப் பக்கத்து வீடு. இடுப்பு சரியில்லாதவள். சுவரைப் பிடித்துக்கொண்டே கோயிலுக்கு வந்துவிடுவாள். ஆற்றைத் தாண்டி வருவது அவளால் ஆகாது. அந்த அறிவிப்போடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள். வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோன மூப்பர்களுக்கும் கதவைத் திறக்கவில்லை. தம்பி செத்தபோது பூ மட்டும் அனுப்பினாள்.

அத்தையிடமிருந்து கோயிலைப் பிடுங்கியது அப்பாதானா? மகளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அன்றைய செஷனில் மிச்சம் இருப்பவர் கிரேன் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவள் போனபோது சாப்பாட்டு மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"செஷன்ல பேசுனதை வெளிய சொல்லக் கூடாதும்மா. உள்ள நூறு பேசலாம், வெளிய வந்தா ஒரே குரல்."

"அப்பா போய்ட்டாரு, பழைய போதகரும் போய்ட்டாரு. இன்னும் யாருக்காக மாமா காப்பாத்துறீங்க?"

"பழகிடுச்சு. நீயும் ஒரு கை உரி."

அவள் உரித்தாள். பேச்சு கூரை, மழை, ஆலைச் சங்கு என்று போனது. அப்பாவுக்கு எதிலும் அவசரம் என்று அவள் சும்மாதான் சொன்னாள். மாமாவுக்குச் சுருக்கென்றது.

"அவசரமா? அவரா? அத்தனை பேரும் கை தூக்குறோம், மனுஷன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். போதகர் மறுபடியும் கேட்டார். அசையணுமே!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளினார். "நீ கிளம்பும்மா. நான் எதுவும் சொல்லல."

அடுத்த விடுமுறையில் அவள் ஆற்றைத் தாண்டினாள். பழைய கோயில் இப்போது டைல்ஸ் கடை. அத்தை மருமகளுக்குக் கதவைத் திறப்பாள். சபைக்குத்தான் திறக்க மாட்டாள். அத்தையின் கண்ணாடியை வாங்கித் துடைத்து, மூக்கில் அழுத்தும் இடத்தைச் சரிசெய்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை, கை தூக்கவே இல்லை.

அத்தை அசரவில்லை. "தெரியும்டி."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கூடப் பொறந்தவ. எழுந்து வாசிச்சானே, அது அவன் குரலே இல்ல. தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி வாசிச்சான்."

"அப்புறம் ஏன் அத்தை இத்தனை வருஷம்..."

"அன்னைக்கு சாயங்காலம் இங்க வந்தான். அந்த நாற்காலியிலதான் உக்காந்தான். 'நீ என்ன சொன்னே அங்க?'ன்னு கேட்டேன். 'வெளிய சொல்லக் கூடாதுக்கா'ன்னான்." அத்தை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். "நான் வெளியாளா? ஒரு வார்த்தை, 'நான் ஒத்துக்கலக்கா'ன்னு சொல்லியிருந்தா, அந்தக் கட்டடம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு இருந்திருப்பேன்."

அப்பா வீட்டில் குழாய் ஒழுகுவதைக்கூட இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துத்தான் சரிசெய்வார். அந்த மனிதர் இந்த ஒரு கேள்விக்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்.

"புத்தகத்துல போட்டுடறேன் அத்தை. அவர் சம்மதிக்கலைன்னு."

"போடாதே."

"அவர்மேல இருக்கிற பழி போகுமே."

"அவன் என்கிட்டயே சொல்லாமக் காப்பாத்துனான். அதுக்காக நான் அவனோட பேசாமயே கெடந்தேன். இப்போ நீ அச்சடிச்சு ஆளுக்கொண்ணு குடுப்பியா? அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எதுக்குடி பட்டோம்?"

அக்கா, தம்பி இருவருக்கும் வீம்பு ஒரே அளவில்தான் தைக்கப்பட்டிருந்தது. மருமகள் மேற்கொண்டு வாதாடவில்லை.

"என்னைப் பத்தி வேணா போடு" என்றாள் அத்தை. "சபை போச்சு, ஒருத்தி இங்கேயே இருந்தான்னு. அது பொய்யில்ல."

எழுதியதை, அவளையும் உட்காரவைத்துச் செஷன் படித்துப் பார்த்தது. 'சபை புதிய இடத்துக்கு வந்தது. பழைய இடத்தில் ஓர் உறுப்பினர் தங்கினார்' என்ற வரிக்கு வந்ததும் போதகர் நிறுத்தினார். "இன்னும் இருக்காங்களா? அப்போ நாம ஏன் போறதில்லை?"

"திறக்க மாட்டாங்க" என்றார் பொருளாளர்.

"தட்டிப் பார்க்கலாமே" என்றாள் கண்ணாடிக்கடை.

போதகரோடு கிரேன் மாமாவும் அவளும் போனார்கள். மாமா செஷனிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாலும் மூப்பர் மூப்பர்தான். அத்தை கதவைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ கை தூக்குனவன்தானே?"

மாமா மருமகளைப் பார்த்தார். பிறகு, "ஆமாக்கா, தூக்குனேன்" என்றார்.

"வந்து உக்காரு."

நற்கருணை அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டாள். ஜெபம் நீளம் என்று மட்டும் போதகரிடம் குறை சொன்னாள்.

புத்தகம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் புதுத் தம்பதியில் கணவர் ஒரு பிரதியோடு அவளைத் தேடி வந்தார். "உங்க அப்பா அந்தக் காலத்துலயே தைரியமா முடிவெடுத்திருக்கார் அக்கா. அவர் இல்லேன்னா நாமெல்லாம் இங்க ஏது?"

"செஷன் முடிவு அது" என்றாள்.

"அதான், அப்பாதானே வாசிச்சிருக்கார்."

"ஆமா, வாசிச்சது அவர்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்கு ஒரு பிரதியை எடுத்து நீட்டினாள்.