கண்ணாடிப் படகில் அப்பா

சொந்தக் கடலைச் சீட்டு வாங்கிப் பார்க்கப் போன குடும்பம் தூத்துக்குடியில் எங்களுடையதாகத்தான் இருக்கும். கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த பெரியப்பாவின் ஏற்பாடு. தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா; அடியில் கண்ணாடி பதித்த படகில் போனால் உள்ளே வாழும் உயிர்களைப் பார்க்கலாம். அப்பா சங்கு குளிப்பவர். முங்குகிற கடலை மேலே உட்கார்ந்து பார்ப்பதாவது என்று முனகிக்கொண்டே வந்தார். எனக்கு எட்டு வயது.

அரைமணி நேரம் மணலும் பாசியும்தான் தெரிந்தன. கூட வந்த வனத்துறை அதிகாரி தண்ணீர் கலங்கல் என்றார். பெரியப்பா அப்பாவைச் சீண்டினார்: "ஒன் கடல்ல ஒண்ணுமே இல்லையேலே!"

தன்னைச் சொன்னால் பொறுப்பார், கடலைச் சொன்னால் பொறுக்கமாட்டார் அப்பா. எழுந்து நின்றார். கரையில் மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைக்கூண்டையும் கண்ணால் ஒரே கோட்டில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் வடக்க விடுங்க. இங்கனதான் பார் இருக்கு" என்றார். கடலடிப் பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். படகு நகர்ந்தது. பவளப்பாறை, வண்ண மீன்கள், ஓர் ஆமை, மணலில் கொழுத்த கடல் அட்டைகள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏலே, ஒனக்குக் கவர்மெண்டு வேலையே குடுத்துருவாங்க போல" என்றார் பெரியப்பா.

எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். "சும்மா குத்துமதிப்புதான் சார்" என்றார் அப்பா. அவருடைய அடக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல சார், எங்கப்பா இங்கனதான் முங்குவாங்க. நேத்துகூட ஒரு வாளி அட்டை கொண்டாந்தாங்க!"

கடல் அட்டையை எடுத்தால் சிறை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதிகாரி சிரித்தபடி எந்தத் தெரு என்று கேட்டார். அடையாளத்தோடு சொன்னேன். என் தோளிலிருந்த அப்பாவின் கை இறுகியது. பெருமை என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபின்னும் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அன்றே நாலு அடி அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் விடியுமுன் வனத்துறை ஜீப் வந்தது. வேலைக்குத்தான் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று ஓடிப்போய் அவருடைய ஈஸ்டர் சட்டையை எடுத்து வந்து நீட்டினேன். மறுக்காமல் போட்டுக்கொண்டு ஏறினார். அம்மா அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, தெருமுனைவரை ஓடிக் கையசைத்தேன்.