டிஸ்க் நல்லாத்தான் இருந்தது

கம்ப்யூட்டரைத் தட்டினால் முதலில் கண் விழிப்பது கர்னல் என்கிற அடிப்படை நிரல். எந்த டிஸ்க்கைப் படிக்கும் நிரலைக் கர்னலோடு சேர்த்துக் கட்டுவது, எதைத் தனியாக வைப்பது என்று பட்டியலில் குறிப்பதே தம்பிக்குப் பதினெட்டு வருஷப் பிழைப்பு. அக்காவின் பழைய கம்ப்யூட்டருக்கும் அவன்தான் கர்னல் கட்டித் தருவான். செத்துப்போன அத்தான் பேசிப் பதிந்த குரல் அதில் இருந்தது. வேறு நகல் கிடையாது. அவள் தினமும் கேட்பாள்.

போன மாதம் அவசரத்தில் அவளுடைய டிஸ்க்குக்கான நிரலைத் தனியாக வைத்துவிட்டான். அது போய் உட்கார்ந்ததோ அதே டிஸ்க்குக்குள். சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான். கம்ப்யூட்டர் எழவில்லை. அவன் வெளியூரில் இருந்தான், போனையும் எடுக்கவில்லை. அவள் தூக்கிக்கொண்டு போன ரிப்பேர் கடைக்காரர், டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லி, அதைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். அத்தானின் குரலும் அதோடு போனது.

"டிஸ்க் செத்துப்போச்சாம்டா. உன் அத்தான் மாதிரியே, சொல்லாம கொள்ளாம" என்று, அவன் ஊர் திரும்பி வீட்டுக்கு வந்தபோது அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

தலையாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அவனுக்கு மனசு வரவில்லை.

"டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. நான்தான் ஒரு குறியை மாத்திப் போட்டுட்டேன்."

அவள் எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்டா" என்றாள்.