மலைக்குப் போகாத பீர்

சித்தூர் வைன் ஷாப்பில் மறுபடி நிற்கிறேன். நேற்று திருப்பதி போகிற வழியில் இங்கே ஒரே ஒரு இந்தியா பேல் ஏல் கிடைத்தது. என்னைப் போன்ற பீர் பிரியர்கள் கசப்புக்காகவே தேடி அலையும் ரகம். மலைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. காசைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரின் ஃபிரிட்ஜிலேயே விட்டுப் போனேன்.

முடி இறக்கிய என் தலையைப் பார்த்ததும் அவர் திகைக்கிறார். "இப்பத்தானே சார் வாங்கிக்கினு போனீங்க?"

"நானா?"

"மொட்டையா ஒருத்தர் வந்து ஜில்லுன்னு பீர் கேட்டாரு. நீங்கன்னு நெனச்சி எடுத்துக் குடுத்துட்டேன்."

வெளியே வேப்பமரத்தடியில் இன்னொரு மொட்டை. முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பாட்டிலை உற்றுப் பார்க்கிறார். கசக்காத பீர் ஒன்றை வாங்கிக்கொண்டு அவரை நோக்கி வேகமாக நடக்கிறேன்.