எக்ஸ்-கதிருக்கு முன்னால் லேசர்

மகள் இந்தத் தடவை லீவுக்கு வந்தபோது வேலையையும் மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஆராய்ச்சி காந்தத்தைப் பற்றியது. மெல்லிய உலோகப் படலத்தை லேசர் ஒளியால் ஒரு தட்டுத் தட்டினால், கண்ணிமைப்பதெல்லாம் ஒரு யுகம் என்று தோன்றும் வேகத்தில் அதன் காந்தம் சரிந்துவிடுமாம். அந்தச் சரிவை எக்ஸ்-கதிரை விட்டுப் பார்க்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கேட்டுக் கேட்டே இவ்வளவு சேர்த்துக்கொண்டேன்.

இயந்திரம் இருப்பது வெளிநாட்டில். அவள் குழுவுக்கு ஒதுக்கிய நேரம் அன்று நம் மதியத்தோடு முடிகிறது. அதற்குள் சரிவு தெரியாவிட்டால் மறுபடி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை அவள் பட்டமும் நிற்கும்.

எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. எதிர்வீட்டு அக்கா, தன் மாடியில் காய்ந்த மிளகை ஓரமாகத் தள்ளி இடம் கொடுத்தார்.

"ஏனுங்க, பாப்பா மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?"

"கெணத்துத் தண்ணி மொறை மாதிரிங்கக்கா. மத்தியானத்தோட இவங்க மொறை முடியுது."

"அய்யோ, அடுத்தவங்க மடையத் திருப்பிருவாங்களே!"

மகளின் மடிக்கணினித் திரையில், காந்தத்தைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது.

"காந்தம் சரியவே இல்லையா கண்ணு?"

"சரியத்தான் சரியுதும்மா. ஆனா லேசர் தட்டறதுக்கு முன்னயே எக்ஸ்-ரே வந்து பாத்துட்டுப் போயிருது."

"எங்கூட்டுக்காரரு மாதிரி," என்றார் அக்கா. "ஒலை வெக்கறதுக்கு முன்னயே சட்டியத் தொறந்து பாத்துட்டு, சோறில்லைம்பாரு."

மகள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்தவள் சட்டென நிறுத்திவிட்டு, வெளிநாட்டில் இயந்திரத்தருகே இருந்த கூட்டாளிகளிடம் கணினிவழியே ஏதோ கேட்டாள். லேசர் வரும் பாதையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதை நகர்த்தித்தான் பாதையைக் கூட்டுவதும் குறைப்பதும். கணினியில் எண்ணைக் கூட்டினால் பாதை குறையும் என்பது அவர்கள் பழக்கம். இந்தத் தடவை கண்ணாடியைத் திருப்பி மாட்டியதால், எண்ணைக் கூட்டக் கூட்டப் பாதை நீண்டிருக்கிறது. முந்தி வர வேண்டிய லேசர் வண்டியை, காலை முழுக்க இன்னும் இன்னும் சுற்றுவழியில் அனுப்பியிருக்கிறார்கள்!

எண்ணைக் குறைக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மஞ்சு மூட்டமாக இறங்கியது. கூட்டாளிகளின் குரல் விட்டுவிட்டு வந்தது. கணினிக்குச் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த போனை அக்கா பிடுங்கி, மாடி மூலையில் கையை உயர்த்தி நின்றார்.

"கை வலிக்கலீங்களா பெரியம்மா?"

"நீ அதப் பாரு சாமி!"

கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது, காந்தம் சரிந்த பள்ளம். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இந்தக் குழிக்கா இத்தன பாடு?"

"ஆமாங்க பெரியம்மா. இதுக்குத்தான்."

மீதி நேரமெல்லாம் அளந்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் பள்ளம் அதே இடத்தில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மகள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, மெல்ல "ம்" என்றாள்.