முதல் துளியைக் கீழே விட்டவள்

பொறை என்னும் குணம் இருவகைப்படும். பிறர் செய்த தீங்கைப் பொறுப்பது ஒன்று. அது அரியதே எனினும், அங்கே எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் முகம் பார்த்துப் பொறுக்கலாம். காலத்தைப் பொறுப்பது மற்றொன்று. அங்கே எதிரில் நிற்பார் ஒருவரும் இல்லை. சினக்கவும் ஆளில்லை, கெஞ்சவும் ஆளில்லை. இந்த இரண்டாம் பொறையை விரும்பிப் பயிலாமல், வேறு வழியின்றிப் பயின்றவள் ஒருத்தி. பால் குளிரூட்டும் நிலையத்தின் இறக்குமேடையில் வேலை. அங்கே அவளுக்கு ‘மூக்கு அக்கா’ என்று பெயர்.

கேலியாகப் பிறந்து மரியாதையாக நிலைத்த பெயர் அது. விடிந்ததும் வண்டிகள் வந்து பால் கேன்களை மேடையில் இறக்கும். அவள் ஒவ்வொன்றாக மூடி திறந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சை உள்ளிழுப்பாள். “போகட்டும்” என்றால் பால் தொட்டிக்குப் போகும். “நிக்கட்டும்” என்றால் கேன் ஓரத்தில் நிற்கும். பின்னர் ஆய்வகத்து அம்மாள் கண்ணாடிக் குழாயில் சோதித்து முடிவு சொல்வார். இருவர் சொல்லும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

பால் தொழிலில் ஒரு விதி உண்டு. கறக்கும்போது முதல் பீச்சலைத் தரையில் விட்டுவிட வேண்டும். தொட்டிக் குழாயைத் திறந்தாலும் முதலில் வருவதைக் கீழே விட்ட பிறகே சோதனைக்கு மாதிரி பிடிக்க வேண்டும். முதலில் வருவது அழுக்கைச் சுமந்து வரும் என்பது காரணம். அவள் கை இதை ஒருநாளும் மறந்ததில்லை. அந்த நல்ல பழக்கமே அவளை ஏமாற்றியது.

அவள் கணவன் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி வார்னிஷ் பூசுகிறவன். மணமாகி ஆண்டுகள் பல சென்றும் வீட்டில் மழலை இல்லை. ஒருமுறை கரு தங்கியது. மூன்றாம் மாதம் நிறையுமுன் கலைந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “சில நேரம் அப்படித்தான் ஆகும். உங்க மேல தப்பில்ல” என்றார் மருத்துவர். தப்பு இருந்தாலாவது திருத்திக்கொண்டிருக்கலாம் என்று அவள் பலநாள் எண்ணியிருக்கிறாள். அதன்பின் மாதந்தோறும் மருந்துக்கடையில் சோதனைக் கார்டு வாங்குவாள். மாதவிலக்கு நாள் வரும்வரை மனம் பொறுக்காது. சில நாள் முன்பே பார்த்துவிடுவாள். கரு இருந்தால் இரண்டு கோடு விழ வேண்டும், ஒரே கோடு விழும். கார்டைக் காகிதத்தில் சுற்றி, குப்பையின் அடியில் புதைப்பாள், கணவன் கண்ணில் படாதபடி. அவன் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டால் அழுவாளே என்று அவன் கேட்பதில்லை.

அந்த மாதமும் அப்படியே பார்த்தாள், ஒரே கோடு. உரிய நாளில் உடையில் சிறிது கறை பட்டது, மறுநாளே நின்றது. ‘வந்துவிட்டது’ என்று முடிவு கட்டினாள். ஆசை விடாமல் அடுத்த நாள் நண்பகலில், நிலையத்துக் கழிப்பறையில், இன்னொரு கார்டும் பார்த்தாள். அதுவும் ஒரே கோடு. அத்துடன் அந்த மாதத்தை மனத்திலிருந்து துடைத்தெறிந்தாள்.

சில நாள் கழிந்து ஒரு காலை, முதல் வண்டியின் முதல் கேனைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நிக்கட்டும்.”

இரண்டாம் கேன். “நிக்கட்டும்.” மூன்றாவதும் நின்றது.

வண்டிக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். “என்னக்கா, நேத்து வரைக்கும் அமிர்தம், இன்னிக்குச் சாக்கடையா?”

“நாறுதுண்ணே.”

“நானும்தான் மோந்து பார்த்தேன். பால் வாசம்தான் வருது. ஒருவேளை நான் குளிக்காம வந்ததுதான் நாறுதோ?”

மேடையில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆய்வகத்து அம்மாள் சோதித்தார். மூன்று கேன்களும் நல்ல பால். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். சோப்பு நாறியது, தன் துண்டே நாறியது.

“கொஞ்ச நாள் கேன் கழுவுற பக்கம் போம்மா” என்றார் அம்மாள், வருத்தத்துடன். “நல்ல பாலைத் திருப்பி அனுப்பினா ஊர்ல எவன் பேசாம இருப்பான்?”

நீராவியும் சோடாக் கரைசலும் நிறைந்த கழுவும் இடத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. நின்றபடியே தூக்கம் வந்தது. அடிக்கடி கழிப்பறைக்கு ஓடினாள். கழுவிய கேன்களைத் தூக்கித் தூக்கிக் கவிழ்த்தாள். பிழைப்புக்கு இருந்த ஒரே மூக்கும் கெட்டுப்போயிற்றே என்பதே அவள் கவலை. வேறொன்றும் தோன்றவில்லை, தோன்றுவதற்கு இருந்த வாசலை அவளே அடைத்துவிட்டாளே.

அன்று கணவன் வேலை முடித்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்னங்க, உள்ள வராதீங்க. வார்னிஷ் குமட்டுது.”

“நம்ம வீடுதானே?”

“வீடு நம்மதுதான். நாத்தம் உங்களது.”

அவன் சட்டையைக் கழற்றி வெளியே கொடியில் போட்டுவிட்டு வந்தான். “நாளைக்கே மூக்கு டாக்டர்கிட்டப் போவோம். இப்படியே விட்டா என்னை மாத்திடுவே போல.”

மூக்கு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படம் எடுக்கும் அறையின் வாயிலில், நரைத்த கொண்டையுடைய செவிலி ஒருவர் அங்கே எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“நாள் எதுவும் தள்ளிப் போயிருக்காம்மா?”

“இல்ல சிஸ்டர். வந்துடுச்சு.”

“எப்பவும் போல வந்துச்சா?”

அவள் தயங்கினாள். “லேசா பட்டுட்டு நின்னுடுச்சு. ஆனா கார்டு பார்த்துட்டேன். ரெண்டு தடவை.”

“எப்ப பார்த்தே?”

“முதல்ல, நாள் வர்றதுக்கு முன்னாடி. அப்புறம் வேலை எடத்துல, மத்தியானம்.”

“காலையில எழுந்ததும் முதல்ல போறதுல பார்க்கலையா?”

“அது எப்படி சிஸ்டர்? முதல்ல வர்றதைக் கீழ விட்டுடணுமே. அதுல அழுக்கு வருமே. நான் எப்பவும் முதல்ல போறதை விட்டுட்டு, நல்லாத் தண்ணி குடிச்சிட்டு, அப்புறமாத்தான் பிடிப்பேன்.”

செவிலி எழுதுகோலைக் கீழே வைத்தார். “எங்கே வேலை பார்க்கிறே?”

“பால் நிலையத்துல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகம் பார்த்ததும் நின்றது. “அம்மா, அது பாலுக்கு. இதுக்கு நேர்மாறு. ராத்திரி முழுக்கத் தேங்கி நிக்கிறதுலதான் கருவைக் காட்டுற சத்து கெட்டியா இருக்கும். தண்ணியக் குடிச்சா அது கரைஞ்சுபோய்க் கோடு விழாது. நாள் வர்றதுக்கு முன்னாடி பார்த்தாலும் தெரியாது. கரு தங்கினாலும் அது தன்னைக் காட்டிக்கச் சில நாள் ஆகும். நாள் தள்ளிப்போன பிறகு பாரு. இல்லைன்னு வந்தா ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தடவை பாரு. லேசா பட்டதை வெச்சு வந்துடுச்சுன்னு முடிவு கட்டாதே.”

“அப்ப படம்?”

“கரு இருந்தா எக்ஸ்ரே ஆகாது, இன்னிக்குப் படம் வேணாம். நான் டாக்டர்கிட்டச் சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலையில முதல்ல போறதுல பாரு.”

மறுநாள் காலை முதல் துளியைக் கீழே விடாமல் பிடித்தாள். கை கூசியது. கதவுக்கு வெளியே கணவன் நின்றான்.

“என்னாச்சு?”

உள்ளே அவள் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணா?”

“ரெண்டு” என்றாள் உள்ளிருந்து. சொன்னவள் கதவைத் திறக்கவில்லை. அவனும் தட்டவில்லை. மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. முன்பு ஒருமுறையும் இரண்டு கோடு விழுந்ததே.

பெண் மருத்துவரிடம் போனார்கள். ஃபோலிக் அமில மாத்திரை எழுதினார். ஸ்கேனுக்கு நாள் குறித்தார். கேன் தூக்கக் கூடாது, வயிற்று வலியோ உதிரப்போக்கோ கண்டால் உடனே வரவேண்டும் என்றார்.

“இது நிக்கிறதுக்கு நான் என்ன செய்யணும் டாக்டர்?”

“சாப்பிடுங்க, தூங்குங்க, மாத்திரை போடுங்க.”

“அது தெரியும். அதுக்கு மேல?”

மருத்துவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவள் சன்னலோரம் முக்காலியில் அமர்ந்து கேன்களுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். ஆய்வகத்து அம்மாள் கொடுத்த இடம் அது. வண்டிக்காரர், “என் பால் உனக்கு எப்ப மணக்கப் போகுதுக்கா?” என்று தினமும் கேட்கிறார், அவளும் தினமும் மூக்கைப் பொத்திக் காட்டுகிறாள். குமட்டினால் மகிழ்கிறாள். குமட்டாத காலையில் அஞ்சுகிறாள். கணவனின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து வரச்செய்து, குமட்டுகிறதா என்று முகர்ந்து பார்க்கிறாள். எந்தப் பாலையும் மூடி திறந்து ஒரு மூச்சில் அறிந்தவளுக்கு, இதற்குத் திறக்க மூடியில்லை. முன்பு கரு கலைந்த அந்த மூன்றாம் மாதம் இன்னும் கடக்கவில்லை. அவன் ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று அவள் முகம் பார்த்த பிறகே செருப்பைக் கழற்றுகிறான்.

மனிதர் கை எட்டாத இடத்தில் உயிரை நெய்பவன் எவனோ, அவன் திருக்கை அவ்வீட்டின் மேல் இருப்பதாக. கொடியில் தொங்கும் அச்சட்டையின் அருகே சிறு சட்டைகள் காய்வனவாக. அவள் அஞ்சும் மாதம் ஓசையின்றிக் கடந்து போவதாக. அவ்வில்லத்தில் பாலும் சிரிப்பும் குறையாது, வாசலில் நிற்பவனும் உள்ளிருப்பவளும் வரவிருக்கும் உயிரும் நெடிது வாழ்க.