மலர் அன்ரி விரித்துப் பிடித்த பை

பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்த அம்மா, "மலர் செத்துப்போனாவாம். இனி ஆர் எங்களோட பொலிசுக்கு வாறது?" என்றார். பிறகுதான் அழுதார். வட லண்டனில் மலர் அன்ரியை அறிந்த நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.

அம்மா ஷிப்டுக்குப் போகும் நாட்களில் நான் அன்ரியுடன் இருப்பேன். யாருக்காவது முறைப்பாடு எழுதிக்கொடுக்க அவர் போனால், நானும் புத்தகத்துடன் பொலிஸ் நிலைய வாங்கில் அமர்ந்திருப்பேன். பல நாள் ஒரு பக்கம்கூடப் புரண்டதில்லை.

ஒருமுறை சிவம் அண்ணையைப் பஸ் தரிப்பிடத்தில் நாலு பேர் அடித்தார்கள். அவர் இரத்தம் வழியத் தனியாகவே பொலிசுக்குப் போனார். ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. கேட்கும் முன்பே விசாக் கடிதத்தை நீட்டிவிட்டது. கடிதத்தின் தவணை முடிந்திருந்தது. அடித்தவர்களைப் பற்றிப் பொலிசார் ஒரு வரிகூட எழுதவில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மாலைவரை அவரை அறைக்குள் வைத்திருந்தார்கள்.

அன்ரி போய் ஆங்கிலத்தில் கேட்டார்: "மூக்கு உடைந்ததைச் சொல்ல வந்தவரிடம் விசாவைப் பார்ப்பது குரோய்டனின் வேலை. உங்கள் வேலை மூக்கு. இனி யார் உங்களிடம் வருவார்கள்? அடிக்கிறவனுக்கும் அது தெரியும்."

வெளியே வந்ததும் சிவம் அண்ணைக்கு ஏச்சு விழுந்தது.

"ஏன் ஐசே, ஆர் உம்மட்டைக் கடிதம் கேட்டது?"

"பழக்கம் அக்கா."

"நல்ல பழக்கம்! இப்ப அடிச்சவனைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது, உம்மைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்."

அதன்பின் நிலைய வாசலில் தன் பச்சைக் கடைப்பையை விரித்துப் பிடிப்பார். "எல்லாத்தையும் இதுக்குள்ள போடுங்கோ. கேக்காததைக் காட்டாதேங்கோ." பொலிஸ் நடத்திய கூட்டங்களிலெல்லாம் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். "குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள், ஒவ்வொரு முறையும். அந்தக் குறிப்புகளை எந்த அலுமாரியில் அடைத்தார்களோ! நம்மவர்களோ, "சும்மா இருங்கோ, பிரச்சினை வரும்" என்று அவர் சேலையை இழுத்தார்கள். எனக்கு எவரில் அதிகம் கோபம் என்று இன்னும் தெரியவில்லை.

செத்தவீடு முடிந்த மறுவாரம் அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான் ஒருவன். "போனாப் போகட்டும். எங்கட விசாக் கடிதமும் இன்னும் புதுப்பிச்சு வரேல்லை" என்றார் அம்மா. நான் விடவில்லை. நிலைய வாசலில் அம்மாவின் கை கைப்பைக்குள் போனது. அன்ரியின் மகள் எனக்குத் தந்த பச்சைப் பையை விரித்தேன். அம்மா முறைத்துவிட்டுக் கடிதத்தைப் போட்டார்.

உள்ளே, முதல் கேள்வியே பாஸ்போட்தான்.

"நாங்கள் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வந்தோம்" என்றேன். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு 'சங்கிலி' என்று எழுதினார்.

பை என்னிடம் இருக்கிறது. பொலிசுக்குப் போக வேண்டியவர்கள் சொல்லுங்கள். பாடசாலை விட்டதும் வருகிறேன்.