ஏழாம் எண் வீடு

கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பவன் நான். கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. மந்தைவெளியிலும் அடையாறிலும் சில வீடுகளின் கூடத்தில், ஆட்கள் மூச்சுவிட விட ஏறும் கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவிகளை மாட்டியிருந்தோம். வீட்டில் எவ்வளவு வசதியாக இருக்கிறார்கள் என்று குடியிருப்பவர்கள் வாராவாரம் ஒரு ஃபார்மும் நிரப்பித் தரவேண்டும். ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால் அவருக்கான கருவியை என் வீட்டிலேயே மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். என் வீடு ஏழு.

அந்தக் கூடத்தில்தான் என் மனைவி சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுப்பாள். கொசுவுக்குப் பயந்து ஐந்தரைக்கே ஜன்னல்களைச் சாத்திவிடுவாள்.

"பத்துப் பிள்ளைங்க மூச்சு முட்டிக் கெடக்கணுமா?" என்று நான் கத்துவேன்.

"உங்க காத்தோட்டத்த காலேஜோட வச்சுக்குங்க" என்பாள்.

பிறகு மகளின் பிரசவத்துக்குப் பெங்களூரு போனாள். ஒரு மாதம் என்றுதான் பேச்சு, ஆறு மாதம் ஆகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம் "நான் வந்துடட்டுமா?" என்று கேட்பாள். "எனக்கென்ன, ஜாலியா இருக்கேன். நீ குழந்தையப் பாரு" என்பேன். இந்த வீறாப்பு எனக்குக் கூடப்பிறந்தது. ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டேன். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து நேரே படுக்கையறைக்குள் போய்விடுவேன். கூடத்தில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை.

போன வாரம் என் ஆராய்ச்சி மாணவி வரைபடங்களோடு வந்தாள். ஏழாம் எண்ணில் முதலில் தினமும் சாயங்காலம் ஒரு மேடு, அப்புறம் தரையோடு தரையாக ஒரு கோடு.

"சார், இந்த வீட்ட எடுத்துடலாம். காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. ஆனா வாராவாரம் ஃபார்ம் மட்டும் வந்துட்டே இருக்கு. எல்லாத்துலயும் 'மிகவும் வசதியாக இருக்கிறேன்'னு டிக். ஆளே இல்லாத வீட்ல யாரு சார் வசதியா இருப்பாங்க? யாரோ சும்மா ரொப்பிக் குடுத்திருக்காங்க."

இப்படி ரொப்பியவர்களை நான் எப்படியெல்லாம் கிழித்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வீடு காலி இல்லம்மா. ஒரு ஆள் இருக்காரு. ஃபார்ம்தான் பொய்" என்றேன்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

எழுந்து வராந்தாவுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டேன். வழக்கம்போல "எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"நல்லா இல்ல. வந்துடேன்."



"எத்தன தடவ கேட்டேன்?" என்றாள். "இவ திங்கக்கிழமைதான் ஆபீஸ் போக ஆரம்பிச்சா. இப்ப குழந்தைய யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"